சின்ன முகத்துக்கு சீபாப் மாஸ்க் எப்படிப் பாத்து வாங்குறது?

அம்மாவுக்கு சீபாப் (தூக்கத்துல மூச்சு அடைக்காம இருக்க காத்த அழுத்தி அனுப்புற மெஷின்) மாஸ்க் ஓரமா காத்து லீக் ஆகி கண்ணு எரியுது, ஜார்ஜ்டவுன் கடையில மீடியம்தான் குடுத்தாங்கன்னு கேட்டிருக்கீங்க. எனக்கும் இதேதான் ஆச்சு, கோலாலம்பூர்ல மெஷினோட வந்த மீடியம் மாஸ்க்க மூணு வாரம் இறுக்கி இறுக்கி கட்டி மூக்குத்தண்டுல புண்ணே வந்துருச்சு. லீக் ஆகுதுன்னு பட்டைய இறுக்காதீங்க ப்ளீஸ், அந்த சிலிகான் குஷன் காத்துல லேசா உப்பித்தான் முகத்துல ஒட்டும், இறுக்குனா நசுங்கி மடிஞ்சு இன்னும் மோசமாகும்.

அம்மா வாயை மூடித் தூங்குறவங்கன்னா மூக்கையும் வாயையும் சேத்து மூடுற ஃபுல் ஃபேஸ் மாஸ்க் வேணாம். மூக்குத் துவாரத்துல உக்கார்ற பில்லோ டைப் கேளுங்க, கண்ணுப் பக்கமே வராது, ரெஸ்மெட் கம்பெனியோட ஏர்ஃபிட் பி10 ஃபார் ஹர் மாடல்ல எக்ஸ்ட்ரா ஸ்மால் வரைக்கும் இருக்கு. மூக்கு மாஸ்க்னா மூக்கோட அகலத்த அளந்துட்டுப் போங்க, ஏன்னா முகம் சின்னதா இருந்தும் மூக்கு அகலமா இருக்கவங்க நம்மள்ல நெறைய பேர்.

கடையில உக்காந்தபடி போட்டுப் பாத்தா பத்தாது. படுக்க வச்சு, அவங்களுக்கு டாக்டர் சொன்ன காத்தழுத்தத்துலயே மெஷின ஓடவிட்டு, ரெண்டு பக்கமும் திரும்பிப் படுக்கச் சொல்லுங்க, படுத்தா கன்னம் சரியும், அப்பதான் உண்மையான லீக் தெரியும். அப்புறம் கொண்டை! கொண்டை போட்டா பின்பட்டை மேல ஏறி முன்னாடி லூஸாயிரும், சடை பின்னி ஓரமா விட்டா போதும். ராத்திரி முகத்துல எண்ணெய், க்ரீம் எதுவும் வேணாம், குஷன் வழுக்கும், அதையும் தினம் சோப்புத் தண்ணியில கழுவிருங்க. மூக்குல ஏற்கனவே புண்ணு இருந்தா அது ஆறுற வரைக்கும் என்ன பண்றதுன்னு டாக்டர்கிட்ட கேளுங்க, மெஷின மட்டும் நீங்களா நிறுத்திராதீங்க.