படையல் பொரியும் பலவீனமுள்ள சகோதரனும்

அன்புள்ள ஐயா,

கடலூர் முதுநகரில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். ஆயுத பூஜையன்று உடன் வேலை செய்பவர்கள் நீட்டிய பொரி கடலையை வழக்கம்போல வாங்கிச் சாப்பிட்டேன். எங்கள் சபையில் சென்ற ஆண்டு ஞானஸ்நானம் பெற்ற தம்பி ஒருவன் அதே பட்டறையில் இருக்கிறான். முதலில் வேண்டாமென்றவன், என்னைப் பார்த்துவிட்டுத் தானும் ஒரு பிடி அள்ளிக்கொண்டான். அதன்பின் அவன் ஆராதனைக்கு வருவதில்லை. மூப்பர் ஒருவர் சபையார் முன்பாக, "அவனுக்கு இடறலாயிருந்தீர், எனக்கும் இடறலாயிற்று" என்றார். பொரி தின்றதா பாவம்?

— ஒரு வாசகர், கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

விக்கிரகத்தின் பந்தியில் பங்குபெறுவதைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பத்தாம் அதிகாரத்தில் தடுக்கிறார். கடையில் விற்பதையும் விருந்துக்கு அழைத்தவர் முன்வைப்பதையும் விசாரியாமல் உண்ணலாம் என்று அதே அதிகாரத்திலேயே அனுமதிக்கிறார். பட்டறைப் பொரி இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பதால்தான் சபைக்குச் சபை தீர்ப்பு மாறுகிறது. நீங்கள் பூஜையில் நிற்கவில்லை, தோழமைக்காக நீட்டியதை வாங்கினீர்கள். அதைப் பாவம் என்று சொல்ல என்னால் இயலாது. ஆனால் உங்கள் கடிதத்தின் பாரம் பொரியில் இல்லை, அந்தத் தம்பியில் இருக்கிறது.

நம் பேச்சில் 'இடறல்' என்பது மனம் புண்படுதல் என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. மூல கிரேக்கச் சொல்லான 'ஸ்காண்டலோன்' பொறியில் இரை வைக்கும் குச்சியைக் குறித்தது. அதைத் தொட்டால் பொறி மூடிக்கொள்ளும். எட்டாம் அதிகாரத்தில் பவுல் சொல்லும் பலவீனன், பிறர் உண்பதைக் கண்டு முகம் சுளிப்பவன் அல்லன். தவறு என்று தன் மனச்சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அறிவுள்ள ஒருவரைப் பார்த்துத் துணிவு கொண்டு தானும் உண்டு, உள்ளுக்குள் கறைப்படுபவன். நேற்றுவரை அந்தப் படையலைப் பக்தியோடு கண்ணில் ஒற்றி உண்டவனுக்கு அது உங்களுக்குப் போல வெறும் பொரி அன்று. ஆகவே, சொல்ல வருத்தமாக இருந்தாலும், அந்தத் தம்பிக்கு நீங்கள் இடறலாகத்தான் இருந்தீர்கள்.

மூப்பருக்கு அப்படி இல்லை. அவர் உண்ணவுமில்லை, உண்ணத் தூண்டப்படவுமில்லை. அவருக்கு நேர்ந்தது கோபம். இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், அறியாமையாலோ பலவீனத்தாலோ வரும் சிறியோரின் இடறலையும் தீய எண்ணத்தால் வரும் பரிசேயரின் இடறலையும் பிரித்துப் பேசியது இதற்காகத்தான். 'எனக்கு இடறல்' என்று சொல்பவருக்கெல்லாம் வளைந்து கொடுப்பதானால், சபையில் குரல் ஓங்கியவரின் விருப்பமே வேதமாகிவிடும். இங்கே புதுச்சேரியில், மாதா கோயிலுக்குள் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து வைத்திருந்த சுவர் 1745-இல் அவர்களுடைய முறையீட்டால் இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அச்சுவர் போனதால் மனம் நொந்தவர்களைப் பலவீனமுள்ள சகோதரர்கள் என்று எண்ணிச் சுவரைத் திரும்ப எழுப்பியிருக்க வேண்டுமா? சகோதரனுக்காக "என்றைக்கும் மாம்சம் புசியாதிருப்பேன்" என்ற அதே பவுல், யூதர்களுக்குப் பயந்து புறவினத்தாரின் பந்தியிலிருந்து பேதுரு விலகியபோது, அந்தியோகியாவில் அவரை நேருக்கு நேராக எதிர்த்தார்.

அந்த 'என்றைக்கும்' என்ற சொல்லும் பவுல் தம்மேல் தாமே ஏற்றுக்கொண்டது. பிறர் கழுத்தில் கட்டியதன்று. அடுத்த ஆயுத பூஜைக்குப் பட்டறையைக் கழுவித் துடைப்பதில் வழக்கம்போலக் கூட நில்லுங்கள். பொரி வரும்போது, அந்தத் தம்பி அருகில் இருக்கும் வரையிலாவது, நண்பர்களிடம் காரணத்தைச் சொல்லி மறுத்துவிடுங்கள். அவர்கள் தவறாக நினைக்கமாட்டார்கள். மாலை போட்ட காலத்தில் பிரியாணி வேண்டாம் என்று அவர்களும் சொல்வதுண்டல்லவா?

அதற்கு முன் அவனைத் தனியே பாருங்கள். உண்ணலாமா கூடாதா என்ற வாதத்தை எடுக்காமல், "அன்று உன்னை நான் நினைத்துப் பார்க்கவில்லை, தம்பி" என்று மட்டும் சொல்லுங்கள். இதற்கு ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். இருவரும் ஒரே பட்டறையில்தானே இருக்கிறீர்கள்.