வாசல் மரத்தில் கொக்குக் கூடுகள்: வெட்டலாமா, விரட்டலாமா?

கேள்வி: எங்கள் வீடு மன்னார்குடி பக்கம். வாசலில் உள்ள பெரிய தூங்குமூஞ்சி மரத்தில் மழை தொடங்கியதிலிருந்து கொக்குகள் கூடு கட்டியிருக்கின்றன. முப்பது நாற்பது கூடுகள் இருக்கும். எச்சமும் மீன் நாற்றமும் தாங்க முடியவில்லை. அடிக்கடி குஞ்சுகள் கீழே விழுகின்றன. கிணறு மரத்தை ஒட்டியே இருக்கிறது. கிளைகளை வெட்டிவிடலாமா? வெடி போட்டால் போய்விடும் என்கிறார்கள், சரியா? விழுந்த குஞ்சை என்ன செய்வது?

பதில்: கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும்வரை வெட்டவும் கூடாது, வெடி போடவும் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்கான விளக்கத்திலேயே பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் குலைப்பதும் அடங்கும். மரம் உங்கள் சொந்த மனையில் நிற்கிறது என்பது இதற்கு விலக்கு ஆகாது. 2022 செப்டம்பரில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சாலை விரிவாக்கத்துக்காக நீர்ப்பறவைக் கூடுகள் நிறைந்த ஒரு மரத்தை அப்படியே சாய்த்தார்கள். குஞ்சுகள் கூட்டமாகச் செத்து விழுந்தன. வழக்கும் பதிவானது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வெடி போடுவது உங்கள் தொல்லையைக் கூட்டத்தான் செய்யும். சத்தம் கேட்டதும் பெரிய பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பும். அந்த ஓரிரு நிமிடம் போதும், காத்திருக்கும் காகங்கள் முட்டையைத் தூக்கிவிடும். மிரண்ட கொக்குக் குஞ்சு வயிற்றில் உள்ளதை முழுவதும் கக்கும். பாதி செரித்த மீனும் தவளையும்தான் உங்கள் வாசலில் விழும். ஓரளவு வளர்ந்த குஞ்சுகள் கிளைவிட்டுக் கிளை தாவப் பார்த்துத் தவறி விழும். குஞ்சு வைத்துள்ள பெற்றோரோ அரை மணியில் திரும்பி வந்துவிடும். ஆக, மரம் காலியாகாது, வாசல்தான் இன்னும் நாறும்.

இந்தத் தொல்லைக்கு ஒரு முடிவு நாள் உண்டு. அது எப்போது என்று கணக்குப் போட்டுக்கொண்டால் பொறுப்பதும் எளிது.

இப்படிப்பட்ட கலப்புக் குடியிருப்பில் பொதுவாக மடையான், உண்ணிக்கொக்கு, சின்ன வெள்ளைக்கொக்கு, வக்கா என்கிற இராக்கொக்கு ஆகியவை இருக்கும். சில மரங்களில் நீர்க்காகமும் சேர்ந்துகொள்ளும். அடங்கும்போது மண் நிறத்தில் மறைந்து, பறக்கும்போது மட்டும் வெள்ளைச் சிறகு காட்டுவது மடையான். கூடு கட்டும் பருவத்தில் அதன் முதுகு கருஞ்சிவப்பாக மாறும். தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறமானது உண்ணிக்கொக்கு. கறுப்பு அலகும் கறுப்புக் காலும் மஞ்சள் பாதமும் சின்ன வெள்ளைக்கொக்குக்கு. பொழுது சாயும் நேரத்தில் 'குவாக்' என்று கத்திக்கொண்டு இரைக்குப் புறப்படுவது வக்கா. ராத்திரி முழுக்கச் சத்தம் என்றால் வக்கா நிறைய இருக்கிறது என்று பொருள்.

ஆண் சுள்ளி கொண்டுவரும், பெண் அதை வாங்கிச் செருகும். ஒரு வாரத்துக்குள் கூடு தயார். முட்டை பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வரை, வெளிறிய நீலப்பச்சை நிறத்தில். இரண்டு நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் இடும். அடைகாப்பது மூன்று வாரம் அல்லது சற்று மேல். உண்ணிக்கொக்குக் குஞ்சு ஏறக்குறைய ஒரு மாதத்தில் பறக்கும். சின்ன வெள்ளைக்கொக்கும் வக்காவும் ஆறு வாரம் எடுக்கும். ஒரு கூட்டுக்கு இரண்டு, இரண்டரை மாதம். எல்லாம் ஒரே நாளில் தொடங்குவதில்லை என்பதால் மரம் முழுக்கக் காலியாக மூன்று, நான்கு மாதம் ஆகலாம்.

உங்கள் மரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைத் தரையைப் பார்த்தே சொல்லலாம். சுள்ளி மட்டும் கிடந்தால் இப்போதுதான் கட்டுகின்றன. பெரிய பறவைகள் அசையாமல் உட்கார்ந்து மரம் அமைதியாக இருந்தால் அடைகாப்பு நடக்கிறது. நீல ஓடு கிடந்தால் எடுத்து விளிம்பைப் பாருங்கள். நடுவில் சுற்றிவர உடைந்து, உள்ளே உலர்ந்த சவ்வும் மெல்லிய இரத்தக் கோடும் தெரிந்தால் குஞ்சு பொரித்துவிட்டது. பக்கவாட்டில் ஓட்டை விழுந்து மஞ்சள் கரு ஒட்டியிருந்தால் காகத்தின் வேலை. நாள் முழுக்க 'கக் கக் கக்' என்று விடாத சத்தமும், தரையில் திட்டுத் திட்டாக வெள்ளையும் வந்துவிட்டால் குஞ்சுகள் வளர்ந்துவிட்டன. நீங்கள் எழுதியிருப்பது இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான். தொல்லை உச்சத்தில் இருப்பதும் இப்போதுதான், விடிவு பக்கத்தில் இருப்பதும் இப்போதுதான்.

குஞ்சுகள் விழுவதற்குக் காற்றும் மழையும் மட்டும் காரணமல்ல. முதல் முட்டை இட்ட உடனேயே அடைகாக்கத் தொடங்கிவிடுவதால் குஞ்சுகள் முன்னும் பின்னுமாகப் பொரிக்கின்றன. மூத்தது இளையதைவிட ஒரு வாரம்கூடப் பெரியதாக இருக்கும். இரை வரும்போது மூத்தது முந்தும், இளையதைக் கொத்தி ஓரம் தள்ளும். இரை குறைந்த ஆண்டில் கடைக்குட்டி பிழைப்பது அரிது. அது பெற்றோரின் கவனக்குறைவு அல்ல. இரை மிகுந்தால் எல்லாவற்றையும் வளர்க்கலாம், குறைந்தால் இரண்டையாவது காப்பாற்றலாம் என்பதே இந்த இனங்களின் ஏற்பாடு. இரண்டு வாரம் ஆனதும் குஞ்சுகள் கூட்டை விட்டு வெளியேறி, அலகையும் கழுத்தையும் கொக்கியாக மாட்டிக் கிளையில் ஏறப் பழகும். அதிகமாக விழுவது அப்போதுதான்.

விழுந்த குஞ்சைத் தூக்கும்முன் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கொக்கு பளபளப்பாகத் தெரிவதைக் குத்தும். உங்கள் கண்தான் அதற்கு முதல் குறி. சுருக்கி வைத்த கழுத்தை ஒரே வீச்சில் நீட்டும், நீளத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. துண்டை மேலே போட்டு, முதலில் தலைக்குப் பின்னால் பிடித்து, பிறகு உடலைத் தூக்குங்கள். சிறு பிள்ளைகளிடம் இந்த வேலையை விடாதீர்கள்.

உடலில் இறகு மூடியிருந்து, விரலைக் கொடுத்தால் இறுகப் பற்றுகிறது என்றால் அதற்குச் சிகிச்சை எதுவும் வேண்டாம். ஏணி வைத்து எட்டுகிற உயரத்தில் அதே மரத்தின் கிளையில் வைத்துவிடுங்கள். அது தானே ஏறும், பெற்றோர் இரை கொடுக்கும். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையல்ல. தூவி மட்டுமே உள்ள சின்னக் குஞ்சு என்றால், விழுந்த கூடு எதுவென்று தெரிந்து எட்டவும் முடிந்தால் மட்டுமே திருப்பி வையுங்கள். இல்லையென்றால் காற்றோட்டமான அட்டைப் பெட்டியில் பழைய துணி விரித்து, இருட்டாக வைத்து, வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். சிறகு தொங்கினாலோ இரத்தம் வந்தாலோ இதையே செய்யுங்கள். பாலும் ரொட்டியும் சோறும் கொடுக்கக்கூடாது. அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய் அங்கேயே செத்துவிடும். உதவி வர நேரமானால் விரல் நீளத்துக்கும் குறைவான பச்சை மீனைத் தண்ணீரில் நனைத்து முன்னால் போடுங்கள், தானே எடுத்தால் எடுக்கட்டும். கருவாடு ஆகாது, உப்பு அதைக் கொல்லும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கையை வைக்காதீர்கள். குஞ்சு அல்லாமல் பெரிய பறவைகள், காயம் எதுவும் இல்லாமல், ஓரிரு நாளில் பல செத்து விழுந்தால் அது நஞ்சாகவோ பறவைக் காய்ச்சலாகவோ இருக்கலாம். தொடாமல் கால்நடை மருத்துவமனைக்கும் வனத்துறைக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். கோழிகளை அன்றே அடைத்து வையுங்கள்.

இனி வாசல். நாற்றத்தில் பெரும்பங்கு எச்சத்தினுடையது அல்ல, கீழே விழும் மீனும் கக்கலும் அழுகுவதால் வருவது. தினமும் காலையில் அவற்றை மட்டும் பொறுக்கி, கிணற்றுக்கு எதிர்ப்பக்கம் ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்தாலே பாதி குறையும். மரத்தடியில் நான்கு விரல் கனத்துக்கு வைக்கோலோ காய்ந்த சருகோ பரப்புங்கள். எச்சத்தில் தழைச்சத்து மிகுதி, அது ஈரத்தில் அம்மோனியாவாகக் கிளம்புகிறது. வைக்கோல் ஈரத்தை உறிஞ்சி அதைப் பிடித்து வைக்கும். வாரம் ஒருமுறை வாரி மாற்றுங்கள்.

சுண்ணாம்பு தூவுகிற பழக்கம் பல ஊர்களில் உண்டு. அது அம்மோனியாவை இன்னும் வேகமாகக் கிளப்பிவிடும். பிளீச்சிங் பவுடர் அதைவிட மோசம்: எச்சத்தின் அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் புகையாகும். இரண்டையும் மரத்தடிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

காய்ந்த எச்சத்தை அப்படியே பெருக்கவும் கூடாது. அந்தத் தூசியில் வளரும் சில பூஞ்சைகள் நுரையீரலைப் பாதிக்கக்கூடியவை. தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசமும் கையுறையும் போட்டு வாருங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் வேண்டாம்.

நடக்கும் பாதைக்கு மேல் ஏழடி உயரத்தில் தார்ப்பாயைச் சரிவாகக் கட்டுங்கள். மட்டமாகக் கட்டினால் முதல் மழைக்கே தண்ணீர் தேங்கிக் கிழியும். கூடுகள் அடர்ந்த பக்கத்தில் பச்சை நிழல்வலையை நாலடி உயரத்தில் கொஞ்சம் தளர்வாகக் கட்டினால் விழும் குஞ்சு தரையில் மோதாது, நாய் பூனைக்கும் எட்டாது. மீன்பிடி வலை கட்டவே கூடாது, காலும் கழுத்தும் சிக்கி அறுந்துவிடும்.

கிணற்றை வலையால் மூடினால் போதாது. தகரமோ கெட்டித் தார்ப்பாயோ கொண்டு முழுக்க மூடி, சுற்றி ஓடும் மழைத்தண்ணீர் உள்ளே போகாதபடி மேடு கட்டுங்கள். ஏற்கெனவே எச்சம் விழுந்திருந்தால் தண்ணீரின் அளவைக் கணக்கிட்டு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, அடிச்சுண்ணாம்பு தெளிந்தபின் மேல்நீரை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். குடிக்க மட்டும் இந்தப் பருவம் முடியும்வரை கொதிக்க வைத்துக் குடியுங்கள். மாடித் தொட்டியின் மூடியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வாரிய வைக்கோலைத் தூக்கி எறிய வேண்டாம். வேடந்தாங்கல் ஏரியின் தண்ணீர் வயலுக்கு உரமாவது இந்த எச்சத்தால்தான். பறவைகளைக் காக்கும் உரிமையை 1798-இல் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் அந்த ஊர் மக்கள் எழுதி வாங்கியிருக்கிறார்கள். திருநெல்வேலி மாவட்டக் கூந்தன்குளத்தில் வீட்டு மரங்களிலேயே பறவைகள் கூடு கட்டுகின்றன. ஆனால் எச்சம் படிந்த வைக்கோலைப் பச்சையாகப் போட்டால் வேர் கருகும். குழியில் மண்ணும் சருகும் மாற்றி மாற்றி அடுக்கி, ஈரம் காக்க வைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டி, மூன்று மாதம் மக்கவிட்டுத் தென்னைக்கும் வாழைக்கும் போடுங்கள். கீரைக்கு வேண்டாம்.

கிளை கழிப்பது கடைசி வேலை. கொக்குகள் அடுத்த ஆண்டும் இதே மரத்துக்கு வரும். மரத்தையே எடுத்தால் பக்கத்து வீட்டு மரத்துக்குப் போகும். எனவே கிணற்றுக்கும் வாசலுக்கும் மேலே நீண்ட கிளைகளை மட்டும், மொத்தத் தழையில் கால் பங்குக்கு மிகாமல் கழித்து, தோட்டப் பக்கத்தை அவற்றுக்கு விட்டுவிடுங்கள். தூங்குமூஞ்சிக் கிளை கனமானது. தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி முதலில் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து, பிறகு சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் பட்டை உரியாமல் விழும். மிச்சக் கட்டையை, கிளை தண்டோடு சேரும் இடத்தில் உள்ள அடிப்புடைப்பைத் தொடாமல் கடைசியில் எடுங்கள்.

இந்தப் பருவத்துக் கூடுகளுக்கு இதைச் சித்திரை, வைகாசியில் வைத்துக்கொள்ளலாம். சில இடங்களில் ஆற்றில் தண்ணீர் வந்ததும் ஆடியிலேயே மடையான் சுள்ளி சேர்க்கத் தொடங்கிவிடும் என்பதால் வைகாசியைத் தாண்டவிடாதீர்கள். ஆள் ஏறுவதற்கு முன் புது வைக்கோல் பரப்பி ஒரு வாரம் பாருங்கள். பகலில் கூடுகளுக்கு அடியில் புதிதாக வெள்ளை விழவில்லை, சத்தமும் இல்லை என்றால் மரம் காலி. ஒரே ஒரு கூட்டில் குஞ்சு இருந்தாலும் அந்தக் கிளையை மட்டுமல்ல, மற்றதையும் தொடாமல் இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போடுங்கள்.