தூக்கத்தில் மூச்சு நிற்பவர்களுக்கு எந்த வைத்தியம்? – கேள்வி பதில்

ஹட்டன்: வேன் ஓட்டும் அண்ணனுக்கு தூக்கப் பரிசோதனையில் ஏ.எச்.ஐ. 22. சீபாப் மெஷின்தான் (மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி விடுவது) வேணுமா, பல்லில் மாட்டுவது போதாதா சேர்?

ஏ.எச்.ஐ. 22 என்றால் தூக்கத்தில் மணிக்கு 22 தடவை மூச்சு நிற்கிறது அல்லது பாதியாக அடைபடுகிறது. 5 முதல் லேசு, 15 முதல் நடுத்தரம், 30 முதல் கடுமை. ஆனால் இந்த நம்பரை மட்டும் பார்த்து வைத்தியம் தீர்மானிக்காதீர்கள். பகலில் தூங்கி விழுகிறாரா, என்ன தொழில், பிரஷர் அடங்குகிறதா என்ற மூன்றையும் கேட்க வேண்டும். ரம்பொட வளைவுகளில் ஆளேற்றிப் போகிறவருக்கு நான் சீபாப்பைத்தான் சொல்வேன். போட்ட முதல் ராத்திரியிலிருந்தே தொண்டையைத் திறந்து வைக்கும். பல் கருவி கீழ்த்தாடையை முன்னுக்கு இழுத்துப் பிடிக்கும். லேசு, நடுத்தரம் இரண்டுக்கும் நல்லதுதான். ஆனால் பல் டொக்டர் அதை வாரக்கணக்கில் கொஞ்சங்கொஞ்சமாக முன்னே நகர்த்த வேண்டும், பிடிப்புக்கு உறுதியான பற்களும் வேண்டும், பிறகு அதைப் போட்டபடியே மறுபரிசோதனை. எதுவானாலும் பகல் தூக்கம் அடங்கும்வரை அண்ணன் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது.

தலவாக்கலை: குறட்டைக்கு மாத்திரை உண்டா?

இல்லை. தூக்க மாத்திரையும் ராத்திரிச் சாராயமும் தொண்டைத் தசையைத் தளர்த்தி அடைப்பைக் கூட்டும்.

நுவரெலியா: விடியப்புறம் சீபாப் ட்யூபுக்குள் தண்ணீர் கொடகொடவென்று சத்தம், முகத்தில் தெறிக்குது.

மெஷினின் ஈரமாக்கியிலிருந்து வரும் சூடான ஈரக் காற்று குளிர்ந்த ட்யூபில் தண்ணீராகிறது. மெஷினைத் தலைமாட்டைவிடத் தாழ்வாக வையுங்கள். ட்யூபைக் கம்பளிக்குள் விடுங்கள், இல்லாவிட்டால் துணியுறை போடுங்கள். ஈர அளவை ஒரு படி குறையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் சூடேறும் ட்யூப். ஈரமாக்கியை ஒரேயடியாக அணைத்துவிடாதீர்கள்: மூக்கு காய்ந்து அடைத்து, வாய் திறந்து, காற்றெல்லாம் வாய் வழியே போய்விடும்.

பண்டாரவளை: 2016இல் வந்த சேவ் (SAVE) என்ற சீபாப் ஆய்வில் சீபாப் போட்டும் மாரடைப்பு குறையவில்லையே. ஏன் காசைக் கொட்ட வேணும்?

நல்ல கேள்வி, ஆனால் ஆய்வை முழுதாகப் படியுங்கள். 2,717 பேர், சீபாப் பிரிவில் சராசரியாக ராத்திரிக்கு 3.3 மணிநேரம்தான் மாஸ்க் போட்டார்கள். பகலில் மிகையாகத் தூங்கி விழுகிறவர்களைச் சேர்க்கவே இல்லை. அப்படியிருந்தும் தூக்கக் கலக்கமும் குறட்டையும் குறைந்தன.

பண்டாரவளை: அப்போ பகலில் தூங்கி விழாதவருக்கு மெஷின் வேண்டாம் என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள்!

லேசான நோய், பகலில் தெளிவு, பிரஷரும் சரி என்றால் மெஷினுக்கு அவசரமில்லை. ஒருக்களித்துப் படுப்பதும் உடம்பு எடை குறைப்பதும் முதலில். மூன்று மருந்து போட்டும் பிரஷர் இறங்காதவருக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். தூங்கி விழும் சாரதிக்கு அந்த ஆய்வைக் காட்டி மெஷினை நிறுத்தச் சொல்வது ஆபத்து. அதில்தான் உங்களோடு எனக்குச் சண்டை.

பதுளை: ஆறு வயது மகள் குறட்டை விடுகிறாள்.

இங்கே பெரியவர்களுக்கு மட்டும். டான்சில், அடினாய்ட் (மூக்குக்குப் பின்னால் உள்ள சதை) பார்க்க காது மூக்கு தொண்டை டொக்டரிடம் கூட்டிப் போங்கள்.

கொட்டகலை: குறட்டைக்கு ஸ்ப்ரே ஏதும்?

தலவாக்கலைக்காரருக்குச் சொன்னதேதான். மூக்கடைப்பு இருந்தால் ஸ்ப்ரே மூக்கைத் திறக்கும், தொண்டையை அல்ல.

ஹப்புத்தளை: பழைய மெஷின் மலிவாக வருது, வாங்கலாமா?

மாடலைப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஃபோம் உதிர்வதால் சில பிலிப்ஸ் மெஷின்களை 2021 ஜூனில் கம்பெனியே திரும்ப அழைத்தது. மாஸ்க், ட்யூப், ஃபில்டர் மூன்றும் புதிதாக வேண்டும். மெஷினின் காற்றழுத்தம் முன்பு பாவித்தவருக்கு வைத்தது. உங்கள் ரிப்போட்டோடு டொக்டரிடம் கொண்டுபோய் மாற்றிய பிறகே போடுங்கள். அதுவரை நீங்களும் வண்டி ஓட்ட வேண்டாம்.