தொண்டு அமைப்புக்குச் சமூக ஊடகத் திட்டம்: கேள்வி பதில்

சிறிய தொண்டு அமைப்புகளின் சமூக ஊடகக் கணக்குகளைத் திட்டமிடுவது, நடத்துவது, காப்பது பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: வணக்கம் அக்கா. எட்டுப் பேர் சேர்ந்து மாலை நேர இலவச வகுப்பு நடத்துகிறோம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப், எக்ஸ் எல்லாவற்றிலும் ஒரேயடியாகக் கணக்கு தொடங்கிவிடலாமா?

பதில்: பெயரை எல்லா இடத்திலும் பதிந்து வையுங்கள், வேறு யாரும் அதை எடுத்துக்கொள்ளாமல் இருக்கும். ஆனால் பதிவு போடுவது ஓரிடத்தில், மிஞ்சினால் இரண்டில்.

எந்த இடம் என்று தெரிய ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம், யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்: 'பெற்றோர் பிள்ளையைச் சேர்க்க வேண்டும்', 'கல்லூரி மாணவர் வாரம் இரண்டு மணி நேரம் பாடம் சொல்லித்தர வேண்டும்', 'போன ஆண்டு நன்கொடை தந்தவர் இந்த ஆண்டும் தர வேண்டும்'. வலப்பக்கம், அவர்கள் இப்போதே புழங்கும் செயலியை எழுதுங்கள். ஊகம் வேண்டாம், ஒவ்வொரு வகையிலும் பத்துப் பேரை நேரில் கேளுங்கள். இடப்பக்கத்தில் 'விழிப்புணர்வு ஏற்படுத்துவது' என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். எந்தப் பதிவு வேலை செய்தது என்று அதை வைத்துச் சொல்லவே முடியாது.

பிறகு நேரக் கணக்கு. படம் தேர்ந்தெடுப்பது, ஒப்புதல் இருக்கிறதா என்று பார்ப்பது, எழுதுவது, இன்னொருவர் படித்துத் திருத்துவது எல்லாம் சேர்ந்து ஒரு நல்ல பதிவுக்கு இரண்டு மணி நேரமாவது பிடிக்கும். கைவசம் வாரம் ஐந்து மணி நேரம்தான் என்றால் வாரம் இரண்டு பதிவு, மீதி ஒரு மணி நேரம் கமெண்டுக்கும் இன்பாக்ஸுக்கும் பதில் சொல்ல. பயன்படுத்தாத கணக்குகளில் 'எங்களை இங்கே பாருங்கள்' என்று முதன்மைக் கணக்கின் இணைப்போடு ஒரு பதிவைப் பின் (pin) செய்து, எப்போதும் மேலே நிற்கும்படி வையுங்கள். கடைசிப் பதிவு எட்டு மாதப் பழசாக இருந்தால் அமைப்பையே மூடிவிட்டார்கள் என்று நினைத்து ஆள் போய்விடுவார்.

கேள்வி: தினமும் என்ன போடுவது என்றே தெரியவில்லை. ஏதாவது ஒரு உலக தினத்துக்கு வாழ்த்து அட்டை போட்டு ஓட்டுகிறோம்.

பதில்: அட்டைகளை நிறுத்துங்கள். அதே நாளில் எல்லோரும் அதையேதான் போடுகிறார்கள். உங்கள் அமைப்பின் ஆண்டு எப்படி ஓடுகிறதோ அதிலிருந்து நாட்காட்டி வரட்டும்: சேர்க்கை எப்போது, தேர்வு எப்போது, பொருள் தீர்ந்துபோகும் மாதம் எது, கணக்கறிக்கை எப்போது. நான்கு வாரம் முன்கூட்டியே நிரப்பினால் போதும். நான்கு பதிவுக்கு ஒன்றில் மட்டும் உதவி கேளுங்கள். மற்ற மூன்றில் வேலை நடப்பதைக் காட்டுங்கள், படிப்பவருக்குப் பயன்படும் தகவல் கொடுங்கள்.

எழுதும் விதம் முக்கியம். 'எமது அமைப்பின் சார்பில் கல்வி உபகரணங்கள் வழங்கும் விழா இனிதே நடைபெற்றது' என்று எழுதி, பேனருக்கு முன் பதினைந்து பேர் நிற்கும் படத்தைப் போட்டால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். ஒரே ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கிட்டத்தில் படமெடுத்து இப்படி எழுதிப் பாருங்கள்: 'இந்தக் கணக்கு நோட்டில் 96 பக்கம். ஆறாம் வகுப்புக்கு ஒரு பருவத்துக்கே காணாது. 40 பிள்ளைகளுக்கு இன்னும் 80 நோட்டு வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் தர முடிந்தால் கீழே "நோட்டு" என்று எழுதுங்கள்.' என்ன வேண்டும், எவ்வளவு, எதற்குள், எப்படி என்ற நான்கும் அதில் இருக்கின்றன. அடுத்த வாரம் 'வந்தது 63, பாக்கி 17' என்று போடுவதுதான் அதைவிட முக்கியமான பதிவு. பெரும்பாலான அமைப்புகள் அதை மறந்துவிடுகின்றன.

கேள்வி: மேடம், இல்லத்துப் பிள்ளைகளின் படம் போடலாமா? முகத்தை மங்கலாக்கினால் போதாதா?

பதில்: போதாது. சீருடையில் பள்ளியின் சின்னம், பின்னால் பெயர்ப்பலகை, வாசலில் வண்டி எண், பதிவில் இடக்குறி, இவற்றில் ஒன்று இருந்தாலும் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். வீடியோவில் மங்கல் ஓரிரு ஃபிரேமில் நழுவினாலும் போதும், அங்கே நிறுத்தி முகத்தைப் பார்த்துவிடலாம். மறைத்தே ஆக வேண்டுமென்றால் முழுக் கறுப்புக் கட்டம் போட்டு, புதிய கோப்பாகச் சேமியுங்கள்.

ஒப்புதலுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் கையெழுத்தும் வேண்டும், பிள்ளையின் சொந்தச் சம்மதமும் வேண்டும். தாளில் எந்தெந்த இடத்தில் வரும், எத்தனை காலம் இருக்கும், பிறகு மனம் மாறினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்ற மூன்றும் இருக்கட்டும். பதிவை நீக்கினாலும் மற்றவர்கள் தரவிறக்கியதைத் திரும்பப் பெற முடியாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். உதவிப் பொருளைக் கையில் கொடுக்கும் நேரத்தில் மட்டும் ஒப்புதல் கேட்காதீர்கள். அந்த நேரத்தில் யாராலும் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது. வாங்கும் கை தாழ்ந்தும் கொடுக்கும் கை உயர்ந்தும் இருக்கும் படங்களையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நாளைக்கு அந்தப் பிள்ளை வளர்ந்து அதைப் பார்க்கும்.

முகமில்லாமலே நல்ல படம் எடுக்கலாம். எழுதும் விரல்கள், வாசலில் வரிசையாகக் கிடக்கும் செருப்புகள், திருத்திய விடைத்தாள் என்று எவ்வளவோ இருக்கின்றன. கேமராவின் இடப்பதிவை அணைத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் படத்தை டாகுமெண்டாக அனுப்பினால் எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போகும். கோப்பின் பெயரிலேயே தேதியும் ஒப்புதல் தாளின் எண்ணும் இருந்தால், யாராவது 'எடுத்துவிடுங்கள்' என்று கேட்கும் நாளில் தேடி அலைய வேண்டியிருக்காது.

கேள்வி: பக்கத்தைத் தொடங்கிய தன்னார்வலர் விலகப்போகிறார். எல்லாம் அவர் போனிலும் அவர் மின்னஞ்சலிலும்தான் இருக்கிறது.

பதில்: அவர் நல்ல முகத்தோடு இருக்கும்போதே உட்கார்ந்து மாற்றிக்கொள்ளுங்கள். ஃபேஸ்புக் பக்கத்தில் முழுக் கட்டுப்பாடு உள்ளவர்களாக இரண்டு பேரைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒருவர் குறைவு, ஐந்து பேர் ஆபத்து. யூடியூப் சேனல் பிராண்ட் கணக்காக (பலர் சேர்ந்து நடத்தக்கூடிய கூகுள் கணக்கு) இருந்தால், புதியவரை உரிமையாளராகச் சேர்த்து ஏழு நாள் ஆன பிறகுதான் அவரை முதன்மை உரிமையாளராக்க முடியும். எனவே கடைசி நாள்வரை தள்ளிப்போடாதீர்கள்.

இன்ஸ்டாகிராம் போல ஒரே பாஸ்வேர்டில் ஓடும் கணக்கில் வரிசை தவறக் கூடாது. முதலில் மின்னஞ்சலை அமைப்பின் முகவரிக்கு மாற்றுங்கள், பிறகு போன் எண், அதன் பிறகு பாஸ்வேர்ட். அடுத்து மற்றக் கருவிகளில் திறந்திருப்பதை எல்லாம் வெளியேற்றுங்கள். கடைசியாக, பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் புதிதாகப் போடுங்கள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால், பழைய மின்னஞ்சல் வழியாக யாரும் அதை மீட்டுவிடலாம். அந்தக் குறியீடு ஒருவருடைய சிம்முக்கு வருவதைவிட, அதைப் போனிலேயே உருவாக்கித் தரும் ஆதென்டிகேட்டர் செயலி நல்லது. மீட்புக் குறியீடுகளை அச்செடுத்துப் பதிவுச் சான்றிதழ் இருக்கும் கோப்பில் வையுங்கள்.

'உங்கள் பக்கம் காப்புரிமை மீறியது, 24 மணி நேரத்தில் நீக்கப்படும்' என்று இன்பாக்ஸில் வரும் செய்தியை எந்த அட்மினும் தொடக் கூடாது. பாஸ்வேர்டைப் பறிக்க வரும் வலை அது.

கேள்வி: நன்கொடையாளர் முந்நூறு பேரை வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தால் என்ன?

பதில்: ஒருவர் எண் எல்லோருக்கும் தெரிந்துவிடும், முதல் வாரத்திலேயே பாதிப்பேர் விலகுவார்கள். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலுக்கு 256 பேர் வரம்பு, அதுவும் உங்கள் எண்ணைச் சேமித்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். 2023இல் வந்த சேனல் வசதி உங்களுக்குப் பொருந்தும். பின்தொடர்பவர்கள் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்க முடியாது. குழு என்பது பத்து இருபது தன்னார்வலர்கள் வேலை பேசிக்கொள்ள மட்டும்.

கேள்வி: தமிழில் படம், பதிவு செய்யும்போது தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டா?

பதில்: உண்டு. சில வடிவமைப்புச் செயலிகளில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து நிற்கும். 'கொ', 'பூ', 'ஸ்ரீ' மூன்றையும் தட்டிப் பார்த்து, படமாகச் சேமித்து, போனில் திறந்து பார்த்த பிறகே அந்த எழுத்துருவை ஏற்றுக்கொள்ளுங்கள். யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் தட்டியதை ஒட்டினால் வெறும் கிறுக்கலாக வரும். எக்ஸில் 280 வரம்பை எண்ணும்போது புள்ளியும் துணைக்காலும் தனித்தனியே கணக்கில் சேரும். 'அம்மா' நமக்கு மூன்று எழுத்து, அங்கே ஐந்து.

செய்தி முழுவதையும் படத்துக்குள் அடைக்காதீர்கள், பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதைப் படிக்காது. மாற்று உரை பெட்டியில் படத்தில் என்ன இருக்கிறது என்று ஓரிரு வாக்கியம் எழுதுங்கள். 1080க்கு 1920 அளவு நெடுக்கு வீடியோவில் கீழ் மூன்றில் ஒரு பங்கைப் பொத்தான்களும் விளக்கமும் மறைத்துவிடும், வசன எழுத்தை அதற்கு மேலே வையுங்கள்.

கேள்வி: தலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றி வீடியோ போட்ட ஐஸ் பக்கெட் சவால் போல ஒன்று தொடங்கினால் நிதி கொட்டாதா?

பதில்: 2014இல் அமெரிக்காவின் ஏஎல்எஸ் (ஒரு நரம்பு நோய்) சங்கத்துக்கு அதன் மூலம் சுமார் 11.5 கோடி டாலர் வந்தது உண்மை. ஆனால் அதைச் சங்கம் திட்டமிட்டுத் தொடங்கவில்லை. நோயாளிகளும் அவர்களின் நண்பர்களுமே பரப்பினார்கள். ஒரு வாளி இருந்தால் யாரும் செய்யலாம், பெயர் சொல்லி அடுத்தவரை அழைக்க வேண்டும், 24 மணி நேரக் கெடு, இதுதான் அதை ஓட்டியது. இதை வேண்டும்போது வரவழைக்க முடியாது. உங்களால் முடிந்தது, கூட்டம் வந்தால் தாங்கும்படி நன்கொடைப் பக்கத்தைத் தயாராக வைப்பது. பழைய போன் ஒன்றில், மெதுவான இணைப்பில், பதிவிலிருந்து பணம் செலுத்தி ரசீது வரும்வரை எத்தனை முறை தட்ட வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணைக் குறைப்பதில் ஒரு வாரம் செலவிடுங்கள்.

கேள்வி: மூவாயிரம் ஃபாலோயர் இருந்தும் முகாமுக்கு யாரும் வரவில்லையே, ஏன்?

பதில்: முதலில் இணைப்பைப் பாருங்கள். இன்ஸ்டாகிராம் விளக்கத்தில் ஒட்டிய இணைப்பைத் தட்டினால் திறக்காது. பயோவில் வையுங்கள், அல்லது ஸ்டோரியில் இணைப்பு ஸ்டிக்கர் போடுங்கள். ஒவ்வொரு தளத்துக்கும் தனி யுடிஎம் இணைப்பு (எந்தத் தளம் என்ற குறிப்பை முகவரியின் கடைசியில் சேர்த்தது) கொடுத்தால் எங்கிருந்து ஆள் வருகிறார் என்று தெரியும். அதுவும் வேண்டாம் என்றால், பதிவுப் படிவத்தில் 'எங்கே பார்த்தீர்கள்?' என்ற ஒரு கேள்வி போதும். மாதக் கடைசியில் மூன்று எண்களை மட்டும் குறியுங்கள்: சேர்ந்தவர்கள், விவரம் கேட்டவர்கள், பதிவைப் பகிர்ந்தவர்கள். பணம் கொடுத்துப் பதிவைப் பூஸ்ட் செய்வது, அதாவது விளம்பரமாகப் பலருக்குக் காட்டுவது, இந்த எண்கள் ஓரளவு நகரத் தொடங்கிய பிறகு.

கேள்வி: 'நன்கொடையை நீங்களே சாப்பிடுகிறீர்கள்' என்று ஒருவர் கமெண்ட் போடுகிறார். நீக்கிவிடலாமா சார் என்று எங்கள் செயலாளரிடம் கேட்டால் அவர் உடனே நீக்கு என்கிறார்.

பதில்: நீக்காதீர்கள். நீக்கினால் அதன் திரைப்பிடிப்புதான் அடுத்த பதிவாக வரும். ஒரு நாளுக்குள், பொதுவிலேயே, பெயர் சொல்லி மரியாதையாகப் பதில் எழுதுங்கள்: 'ஐயா, சென்ற ஆண்டின் தணிக்கை அறிக்கை இந்த இணைப்பில் இருக்கிறது. எந்தச் செலவு பற்றி ஐயம் என்று சொன்னால் அதன் ரசீதைக் காட்டுகிறோம்.' இரண்டு பதிலுக்கு மேல் போகாதீர்கள். வசைச்சொல், பிள்ளைகளின் விவரம், வேறு நன்கொடை இணைப்பு, இவற்றை மட்டும் மறைப்போம் என்று பக்கத்தின் அறிமுகத்தில் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

உங்கள் பெயரில் போலிக் கணக்கு பணம் கேட்டால் வேலை வேறு. முகவரியையும் திரைப்பிடிப்பையும் முதலில் சேமியுங்கள், ஆள்மாறாட்டம் என்ற பிரிவில் புகார் செய்யுங்கள், உண்மையான கணக்கின் இணைப்போடு எச்சரிக்கையைப் பின் செய்யுங்கள். வாட்ஸ்அப் சேனலில் அன்றே சொல்லிவிடுங்கள். பணம் அனுப்பிவிட்டதாக யாராவது வந்தால், உடனே தம் வங்கியிடம் புகார் செய்யச் சொல்லுங்கள்.