கையில் ஜோடி ராணி, நடுவில் ராஜா: எங்கே மடிப்பது?

கேள்வி: டெக்சாஸ் ஹோல்டெம் ஆடுகிறேன் (ஆளுக்கு இரண்டு கார்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து கார்டு விழும் போக்கர்). எங்கள் மேசையில் ஒருவர் எதற்கெடுத்தாலும் ரெய்ஸ் பண்ணுவார், அதாவது பந்தயத்தை ஏற்றுவார். இருவரிடமும் 100 பிக் பிளைண்டு இருந்தது (கார்டு பார்க்கும் முன்பே ஒருவர் கட்டாயமாக வைக்கும் தொகை; இங்கே எல்லாத் தொகையும் அந்தக் கணக்கில்தான்). அவர் பட்டனில் (ஃபிளாப்புக்குப் பிறகு கடைசியாக ஆடும் இடம்) இருந்து 3 வைத்தார். பிக் பிளைண்டு வைக்கும் இடத்தில் இருந்த எனக்கு ஆர்ட்டின் ராணியும் டைமண்ட் ராணியும். 11 ஆக ஏற்றினேன், கால் பண்ணினார் (அதே தொகையைப் போட்டார்). ஃபிளாப்பில், அதாவது நடுவில் விழும் முதல் மூன்று கார்டில், ஸ்பேடு ராஜா, ஸ்பேடு 8, டைமண்ட் 4. நான் செக் (எதுவும் போடாமல் விட்டேன்), அவர் 15 போட்டார், கால் பண்ணினேன். டர்னில் (நாலாவது கார்டு) கிளாவர் 2. மறுபடி செக், 35 போட்டார், அதற்கும் கால். ரிவரில் (ஐந்தாவது, கடைசிக் கார்டு) ஆர்ட்டின் 2. மிச்சமிருந்த 39ஐயும் கேட்டார். கார்டைப் போட்டுவிட்டு மடித்துவிட்டேன். ஸ்பேடு ஜாக்கையும் பத்தையும் காட்டிச் சிரித்தார். முதலிலேயே 100ஐயும் வைத்து ஆல்-இன் போயிருக்க வேண்டுமா, ராஜாவைப் பார்த்ததுமே விட்டிருக்க வேண்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ரிவர் வரைக்கும் நீங்கள் ஆடியதில் எனக்குப் பெரிய குறை தெரியவில்லை.

ஆல்-இன் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 11ல் நிறுத்தியது நல்லது. 100ஐயும் ஒரேயடியாகத் தள்ளினால் இந்த ஜாக்-பத்து போன்ற கார்டுகளை அவர் அப்போதே எறிந்துவிடுவார். நமக்கு அவர் கையில் இருக்க வேண்டியதே அதுதான். கால் பண்ணுவது பெரும்பாலும் ஜோடி ஜாக்கும் அதற்கு மேலான ஜோடிகளும் ஏஸ்-ராஜாவும். அந்தக் கூட்டத்தை எதிர்த்து ஜோடி ராணி ஜெயிக்கும் வாய்ப்பு 50 சதவீதத்துக்குச் சற்றுக் கீழேதான். அவரே 11ஐத் தாண்டித் திரும்ப ஏற்றியிருந்தால் கதை வேறு. இப்படிப்பட்ட ஆளிடம் அப்போது நான் பின்வாங்க மாட்டேன்.

அப்புறம் அந்த ராஜா. ஜோடி ராணி வைத்திருக்கும்போது ஃபிளாப்பில் ஏஸோ ராஜாவோ விழும் வாய்ப்பு 41 சதவீதம். ஒவ்வொரு முறையும் பயந்து ஓடினால் ஜோடி ராணி வந்தும் வராததற்குச் சமம். செக் செய்து அவரைப் போட விட்டதும் சரி. அங்கே ரெய்ஸ் பண்ணினால் வெறுங்கையோடு வந்தவர் எழுந்து போவார், ராஜா வைத்திருப்பவர் மட்டும் உட்கார்ந்திருப்பார்.

இப்போது ரிவருக்கு வருவோம். நடுவே 122.5 பிளைண்டு இருக்கிறது (ஆளுக்கு 61, அதோடு ஆடாமல் விட்டவர் கட்டாயமாக வைத்த அரை), அவர் 39 கேட்கிறார். 39 போட்டால் மொத்தம் 200.5. அதாவது ஐந்து முறையில் ஒரு முறை ஜெயித்தாலே உங்களுக்கு நஷ்டமில்லை. கணக்காகச் சொன்னால் 19.5 சதவீதம்.

அவரிடம் என்னென்ன இருக்கலாம் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஒரு ராஜா மேசையில் கிடப்பதால் ஏஸ்-ராஜா 12 விதத்தில் வரலாம். இரண்டு ராணி உங்கள் கையில் இருப்பதால் ராஜா-ராணி 6 விதம்தான். ஸ்பேடு தவிர மற்ற மூன்றில் ஒரே வகையாக ராஜா-ஜாக் 3. ஜோடி எட்டு 3, ஜோடி நாலு 3. உங்களை அடிப்பவை மொத்தம் 27. இதுவே தாராளமான கணக்கு, ஏனென்றால் ஏஸ்-ராஜா வைத்திருந்தால் இவர் முதலிலேயே திரும்ப ஏற்றியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இன்னொரு பக்கம், ஃப்ளஷ்ஷை (ஒரே வகையில் ஐந்து கார்டு) எதிர்பார்த்து வந்து ஏமாந்த ஸ்பேடு கார்டுகள்: ஏஸோடு சின்னதும் பெரியதுமாக ஏழெட்டு, ராணி-ஜாக், ஜாக்-பத்து, பத்து-ஒன்பது, ஏழு-ஆறு என்று இன்னொரு ஏழெட்டு. பதினைந்து என்று வையுங்கள். அதில் 7ஐ மட்டும் அவர் பிளஃபாக, வெறும் மிரட்டலாகத் தள்ளினாலும், 27ம் 7ம் சேர்ந்த 34ல் 7, இருபது சதவீதத்துக்கு மேல். கால் பண்ணியிருக்க வேண்டும்.

உங்கள் ராணி இரண்டும் சிவப்பு என்பதைக் கவனித்தீர்களா? ஸ்பேடு ராணி உங்களிடம் இருந்திருந்தால் ஸ்பேடு ராணியோடு அவர் துரத்தக்கூடிய கார்டுகள் எல்லாம் பட்டியலில் இருந்து கழன்றிருக்கும். அப்போது மடித்திருந்தாலும் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். நானே பல வருடம் இதைப் பார்க்காமல்தான் ஆடிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒன்று. ஆளைப் பார்க்க வேண்டும். கார்டு விழும் முன் ஓயாமல் ஏற்றுகிறவர் எல்லோரும் ரிவர் வரை பிளஃப் பண்ணுவதில்லை. பலர் டர்னோடு அடங்கிவிடுவார்கள். அப்படிப்பட்டவர் மூன்றாவது முறையும் போட்டால் ராஜா இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மூன்று முறையும் போட்ட ஆட்டங்களில் கடைசியில் எதைக் காட்டினார் என்று ஞாபகம் வைத்திருப்பது, எத்தனை முறை ஏற்றினார் என்று எண்ணுவதைவிட உபயோகம்.

அதனால்தான் யோசிக்க வேண்டிய இடம் டர்ன் என்கிறேன். அவர் 35 கேட்டபோதே, 'இதைப் போட்டால் பின்னாலேயே 39 வரும், அதையும் கொடுப்பேனா?' என்று கேட்டிருக்க வேண்டும். கொடுக்க மனமில்லை என்றால் 35ஐயும் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டு ரிவரில் மடிப்பதுதான் இருப்பதிலேயே விலை அதிகமான வழி. உதாரணத்துக்கு, கிளாவர் 2க்குப் பதிலாக மூன்றாவது ஸ்பேடு விழுந்திருந்தால், துரத்தி வந்த அந்தப் பதினைந்து கார்டுகளும் உங்களை அடித்திருக்கும். கையில் ஒரு ஸ்பேடும் இல்லாத உங்களுக்கு மடிக்க வேண்டிய இடம் அதுதான்.