11-ஆம் எண் கூண்டு ஏறும்போது யார் முடிவெடுப்பது?

மேலாண்மை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கடலூர் முதுநகரில் மீனும் இறாலும் பதப்படுத்தி அனுப்பும் சிறு நிறுவனம் நடத்துகிறோம். அறுபது பேர் வேலை செய்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலில் ஆண்டுத் திட்டம் போட்டு வங்கிக்கும் கொடுக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை வந்தால் மழையும் புயலும் அதைக் குலைத்துவிடுகின்றன. "வருஷா வருஷம் உடைகிற சட்டியை எதற்கு அண்ணா வனைய வேண்டும்?" என்கிறார் என் தம்பி. அவருக்கு என்ன பதில் சொல்வது?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: தம்பி கேட்பது நியாயம்தான். வங்கிக்கு நீங்கள் கொடுப்பது வரவு செலவு மதிப்பீடு. மாதம் இத்தனை டன் வாங்குவோம், இத்தனை டன் அனுப்புவோம் என்ற கணக்கு. அந்தக் கணக்கு பொய்க்கும் நாளில் யார் என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இருக்காது. அந்த வரிகளை எழுதிவைக்காத வரையில் அதைத் திட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் தொழிலில் சில நாட்கள் தேதியோடு தெரிந்தவை. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடை என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நாட்களில் இயந்திரப் பராமரிப்பையும் தொழிலாளர் விடுப்பையும் வைத்துக்கொள்ள நீங்களும் பழகியிருப்பீர்கள். வடகிழக்குப் பருவமழையோ பருவம் தெரிந்து, தேதி தெரியாமல் வருவது. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30 அன்று. மாவட்டத்தைப் பெருவெள்ளம் மூழ்கடித்தது 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது 2024 நவம்பர் 30 அன்று. மூன்றும் ஒரே இரண்டு மாதங்களுக்குள் அடங்கியிருக்க, ஆண்டறிக்கையில் இவற்றை "எதிர்பாராத இடர்" என்று எழுதுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. தேதி தெரியாத ஒன்றுக்குத் தேதி போட்டுத் திட்டமிட முடியாது. ஆனால் அறிகுறியை வைத்துத் திட்டமிடலாம்.

அதற்குப் பாடம் உங்கள் ஊர்த் துறைமுகத்திலேயே இருக்கிறது. புயல் எச்சரிக்கைக் கூண்டு 1 முதல் 11 வரை எண்ணிடப்பட்டது. 1 ஏறினால் தொலைவில் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது என்று பொருள். 3 என்றால் துறைமுகத்திலேயே பலத்த காற்று வீசக்கூடும். 8, 9, 10 பெரும் அபாயம். எண் ஏறிய பிறகு அதன் பொருள் என்ன என்று யாரும் கூட்டம் போட்டுப் பேசுவதில்லை, ஏனென்றால் அதை மழை இல்லாத நாளிலேயே பேசி முடித்துவிட்டார்கள். நீங்களும் ஆடி மாதத்தில் உட்கார்ந்து, ஒவ்வோர் எண்ணுக்கும் நேராக ஒரு செயலையும் ஒரு பொறுப்பாளரையும் எழுதுங்கள். 1 ஏறினால் ஜெனரேட்டர் டீசலை அளந்து, குளிர்சாதன லாரிக்காரரிடம் பேசிவைப்பது மின்பிரிவு மேற்பார்வையாளரின் வேலை. 3 ஏறினால் தயாராக இருக்கும் சரக்கை அன்று மாலைக்குள் வெளியூர்க் குளிர்பதனக் கிடங்குக்கு அனுப்புவது அனுப்புகைப் பிரிவின் வேலை, அதற்கு உங்கள் கையெழுத்து தேவையில்லை. இந்தக் கடைசிச் சொற்களை எழுதத்தான் முதலாளிகளுக்குக் கை நடுங்கும். சில நாள் புயல் திசைமாறிப் போய், லாரி வாடகை வீணாகும். அந்த வாடகையை நட்டக் கணக்கில் எழுதாமல், காப்பீட்டுத் தவணை கட்டும் தலைப்பிலேயே எழுதுங்கள். இல்லையென்றால் அனுப்பியவர் அடுத்த முறை அனுப்பமாட்டார்.

கூண்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது 11. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பதுதான் அதன் பொருள். மேலிடத்தோடு பேச முடியாத நிலைக்கும் ஓர் எண் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நான் பார்த்த நிறுவனத் திட்டங்களில் இல்லாமல் போவது பெரும்பாலும் இந்தப் பதினோராம் வரிதான். கடலூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் திட்டப் பிரிவில் நான் இருந்தபோது, வெள்ளம் வந்தால் கிடங்கின் அடிவரிசை மூட்டைகளை மேல்தளத்துக்கு ஏற்ற வேண்டும் என்று நானே அழகாகத் தட்டச்சு செய்து கோப்பில் வைத்திருந்தேன். மழை இரவில் தண்ணீர் உள்ளே வந்தது. ஏற்றுவதற்கு ஆட்களும் இருந்தார்கள். ஆனால் கிடங்குச் சாவி கெடிலம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரியின் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. தொலைபேசி வேலை செய்யவில்லை. காவலாளியின் கையில் கடப்பாரை இருந்தும், "பூட்டை உடைத்தால் நாளைக்கு என்னைத்தானே சார் கேட்பீர்கள்?" என்று நின்றுவிட்டார். பூட்டின் விலை முந்நூறு ரூபாய் இருக்கும். விடிவதற்குள் அடி இரண்டு வரிசையும் கரைந்துபோயின. அவர்மீது தவறு சொல்ல எனக்கு இன்றும் வாய் வரவில்லை. பூட்டை உடைக்க அவருக்கு அதிகாரம் உண்டு என்று நான்தான் எழுதாமல் விட்டிருந்தேன்.

இன்னொன்று, திட்டம் புயல் கரை கடப்பதோடு முடிந்துவிடக் கூடாது. ஃபெஞ்சல் கடந்த பிறகு "தப்பித்தோம்" என்று மூச்சுவிட்டவர்களைத்தான், அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்டுத் தென்பெண்ணையில் வந்த தண்ணீர் பிடித்துக்கொண்டது.

திட்டத்தை ஏப்ரலில் எழுதி அடுத்த ஏப்ரலில் திறக்கும் பழக்கத்தையும் மாற்றுங்கள். மேலாண்மையை ஒரு துறையாக எழுதத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹென்றி ஃபயோல், பிரான்சில் சுரங்க நிறுவனம் ஒன்றைப் பல்லாண்டு நடத்தியவர். 1916-இல் அவர் வெளியிட்ட கருத்துகளில், மேலாளரின் முதல் கடமையாக முன்னறிந்து திட்டமிடுவதை வைத்தார். ஆண்டு மதிப்பீட்டோடு பத்தாண்டு மதிப்பீடும் வேண்டும், அதையும் இடையிடையே திருத்தி எழுத வேண்டும் என்றவர் அவர். உங்களுக்குப் பத்தாண்டு வேண்டாம். செப்டம்பர் இறுதியில் ஒருமுறை, பொங்கல் கழித்து ஒருமுறை திருத்தினால் போதும்.

கேள்வி: புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் உதிரிபாகத் தொழிற்சாலையில் உற்பத்தி மேலாளராக அண்மையில் பொறுப்பேற்றேன். திங்கள்தோறும் இரண்டு மணி நேரம் கூட்டம் நடக்கிறது. அட்டைப்பெட்டி தீர்ந்ததிலிருந்து பாகங்களை வார்க்கும் புதிய அச்சு வாங்குவது வரை எல்லாம் பேசுகிறோம், எதுவும் முடிவதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, வில்லியனூர்

பதில்: அட்டைப்பெட்டியும் புதிய அச்சும் ஒரே மேசைக்கு வருவதுதான் முதல் கோளாறு. முடிவெடுத்தலை ஆராய்ந்து 1978-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன், திரும்பத் திரும்ப வரும் முடிவுகளையும் முதல்முறையாக வரும் முடிவுகளையும் பிரித்துக் காட்டினார். திரும்ப வருவதற்கு ஒரு விதி போதும். நாளொன்றுக்கு 400 பெட்டி செலவாகி, சொல்லியனுப்பிய ஆறாம் நாள் சரக்கு வந்து சேருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 2,400 பெட்டி, தாமதத்துக்காக இரண்டு நாள் இருப்பு 800, ஆக இருப்பு 3,200-ஐத் தொடும் நாளில் கிடங்குக்காரரே ஆர்டர் கொடுத்துவிடலாம். அப்புறம் பெட்டி உங்கள் கூட்டத்துக்கு வராது.

மிஞ்சும் அச்சுக்குத்தான் இரண்டு மணி நேரமும் தேவை. அதிலும் உலகத்திலேயே சிறந்த அச்சைத் தேடி ஆறு மாதம் ஓட்ட வேண்டாம். மனிதருக்கு நேரமும் தகவலும் அளவோடுதான் கிடைக்கும் என்பதால், போதுமான அளவுக்கு நல்லதாக ஒன்று கிடைத்ததும் தேர்ந்துகொள்வதே நடைமுறை என்று சைமன் காட்டியிருக்கிறார். எவ்வளவு நல்லது போதும் என்பதைக் கொட்டேஷன் பார்ப்பதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். பார்த்த பிறகு எழுதினால், பிடித்துப்போன விற்பனையாளருக்கு ஏற்ப அளவுகோல் வளைந்துவிடும்.

அடுத்து, உங்கள் கூட்டக் குறிப்பேட்டை எடுத்துப் பாருங்கள். "பரிசீலிக்கலாம்", "விசாரித்துப் பார்க்கலாம்", "ஆவன செய்யப்படும்" என்றுதான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். நம் மொழியில் இந்த "லாம்" மிகவும் வசதியானது; செய்பவர் யார் என்று சொல்லாமலேயே வாக்கியம் முடிந்துவிடும். "படும்" அதற்கு அண்ணன். ஒரு மாதத்துக்கு இந்த இரண்டையும் குறிப்பேட்டில் தடை செய்யுங்கள். "கொள்முதல் அலுவலர் வியாழன் மாலைக்குள் மூன்று இடத்தில் விலை வாங்கித் தருவார், வெள்ளி காலை உற்பத்தி மேலாளர் முடிவு சொல்வார்" என்று எழுவாயோடு எழுதச் சொல்லுங்கள். வெள்ளி காலை சொல்ல வேண்டியவர் நீங்கள்தானா, நிர்வாக இயக்குநரா என்பதை அவரிடமே முதலில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எத்தனை ரூபாய் வரை உங்கள் அதிகாரம் என்று ஒரு தொகை எழுத்தில் இருக்கட்டும். புதிதாகப் பொறுப்பேற்றவர் கேட்டால் இது பணிவாகத் தெரியும், இரண்டாண்டு கழித்துக் கேட்டால் சண்டையாகத் தெரியும்.

கேள்வி: எங்கள் பேக்கரிக்கு 18 லட்ச ரூபாய்க்கு ஒரு பிஸ்கட் பேக்கிங் இயந்திரம் வாங்கினோம். ஒத்துவரவில்லை. இவ்வளவு போட்டாயிற்று, இன்னும் 3 லட்சம் போட்டுச் சரிசெய்யலாம் என்கிறார் வாங்கச் சொன்ன எங்கள் மேலாளர். செய்யலாமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: 18 லட்சத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டுக் கேளுங்கள். அது போனது போனதுதான்; அதற்கு வங்கிக் கடன் இருந்தால், அந்தத் தவணையை இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டத்தான் போகிறீர்கள். இன்று விற்றால் என்ன விலைக்குப் போகும், 3 லட்சம் போட்டால் மாதம் எவ்வளவு கூலி மிச்சமாகும் என்ற இரண்டு எண்களை மட்டும் ஒப்பிட்டால் போதும். அதை மேலாளர் கணக்கிட வேண்டாம். பேரி ஸ்டா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1976-இல் நடத்திய சோதனையில், முதல் முடிவைத் தாமே எடுத்தவர்கள்தான் அது தோற்ற பிறகும் அதே வழியில் மற்றவர்களைவிட அதிகப் பணம் ஒதுக்கினார்கள். உங்கள் மேலாளர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனாலும் கணக்கை உங்கள் கணக்காளர் போடட்டும்.

கேள்வி: சிறு நிறுவனம், பத்துப் பேர். திட்டமிட எந்த மென்பொருள் வாங்கலாம்?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: இப்போதைக்கு எதுவும் வேண்டாம். ஓர் எக்செல் தாள், அதைத் திருத்தும் பொறுப்பு ஒருவருக்கு மட்டும், திங்கள்தோறும் ஒரு படி அச்செடுத்து வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். கிடங்குக்காரர் மடிக்கணினியைத் திறக்கமாட்டார், ஆனால் கையெழுத்துப் போட அங்கே வந்துதான் ஆக வேண்டும்.