ஊர்மேல் விழுந்த குண்டு யார் கணக்கில்? – கேள்வி பதில்

பெங்களூரில் ஒரு சட்டக் கல்லூரியில் இருபது வருடமாகப் போர்ச் சட்டம் நடத்துகிறேன். ஆனால் போரில் ஊர் மக்கள்மேல் வேண்டுமென்றே குண்டு போடுகிற குற்றம், அதற்கு யார் பொறுப்பு என்கிற இந்த விஷயம் எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் ரங்கூன்மேல் குண்டு போட்டபோது என் தாத்தா அங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். விமானத்தை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்தவர்கள்தான் நிறையப் பேர் செத்தார்கள் என்று பாட்டி சொல்வார். பிறகு இருவரும் நடந்தே இந்தியா வந்தார்கள். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மேடம், எம்டன் கப்பல் சென்னை மேல குண்டு போட்டதும் இதே குற்றம்தானா? (கல்லூரி மாணவர், அல்சூர்)

இல்லை தம்பி. 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் போர்க்கப்பல் குறிவைத்தது பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை. எண்ணெய் போருக்கு உதவுகிற பொருள். சில உயிர்கள் போயின, ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது, 'எம்டன்' என்ற சொல்லே நம் பேச்சில் தங்கிவிட்டது, ஆனாலும் மக்களைக் கொல்வது அங்கே திட்டம் இல்லை. வகுப்பில் நான் முதலில் கேட்பது இதைத்தான்: குண்டு நினைத்த இடத்திலேயே விழுந்தால் சாவது யார்? சென்னையில் குறி தப்பினால்தான் மக்கள் சாவார்கள். 1943இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் பிரிட்டன் போட்ட குண்டு குறி தப்பாமல் விழுந்ததால் செத்தார்கள்.

முதலில் ஆரம்பித்தது ஜெர்மனிதானே? ஸ்பெயினில் கெர்னிக்கா, போலந்தில் வார்சா, நெதர்லாந்தில் ராட்டர்டாம், இங்கிலாந்தில் கவன்ட்ரி என்று ஊர் ஊராகக் குண்டு போட்டார்களே. திருப்பிக் கொடுத்ததில் என்ன தப்பு? (ஐடி ஊழியர், ஒயிட்ஃபீல்டு)

ஆரம்பித்தது அவர்கள்தான், மறுக்கவே இல்லை. ஆனால் பிரிட்டன் ஊர்களை எரித்ததற்குப் பழிவாங்கும் கோபம் மட்டும் காரணம் இல்லை, தொழிற்சாலையை அடிக்க அவர்களால் முடியவில்லை என்பதும் காரணம். 1941இல் விமானங்கள் எடுத்த படங்களை உட்கார்ந்து சரிபார்த்தார்கள். இலக்கைத் தாக்கிவிட்டோம் என்று சொன்ன விமானங்களிலேயே மூன்றில் ஒன்றுதான் இலக்கிலிருந்து ஐந்து மைலுக்குள் போயிருந்தது. அப்புறம் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைக்கு வந்தது 1942 பிப்ரவரி 14 உத்தரவு. எதிரி நாட்டு மக்களின், குறிப்பாகத் தொழிலாளர்களின் மன உறுதியே இனி இலக்கு என்றது. அதாவது, தொழிற்சாலையை அடிக்க முடியாவிட்டால் அங்கே வேலை செய்பவன் தூங்குகிற வீட்டை அடி. அடுத்த வருடம் ஜூலை 27 இரவு ஹாம்பர்க்கில் நெருப்பே புயலாகச் சுழன்றது, நிலவறைக்குள் பதுங்கியவர்கள் உள்ளேயே மூச்சு முட்டிச் செத்தார்கள், சில நாட்களில் 35,000 பேருக்கு மேல். அங்கே செத்த குழந்தை கவன்ட்ரிக்கு என்ன கெடுதல் செய்தது?

அந்தக் காலத்து மனிதர்களுக்கு இது உறைக்கவில்லை என்று சொல்பவர்களுக்கு ஒன்று. 1944 பிப்ரவரி 9 அன்று, போர் உச்சத்தில் இருக்கும்போதே, இங்கிலாந்தின் சிச்செஸ்டர் பிஷப் ஜார்ஜ் பெல் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபையில் எழுந்து நின்று தன் அரசிடமே இந்தக் குண்டுவீச்சுக்கு நியாயம் கேட்டார்.

ஹிரோஷிமா நடக்காவிட்டால் போர் நீண்டு இன்னும் பல லட்சம் பேர் செத்திருப்பார்களே? (இந்திரா நகர்)

வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிற விஷயம் இது. ஆகஸ்ட் 8 அன்று ரஷ்யாவும் ஜப்பான்மேல் போர் அறிவித்ததால் சரணடைந்ததற்கு எது காரணம் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனால் 'அரசு பணிவதற்காக ஊர்க் குழந்தைகளைக் கொல்லலாம்' என்று ஒரு தடவை ஒத்துக்கொண்டால், நாளைக்கு நம் ஊருக்கும் அதே வாதத்தோடு யாராவது வருவார்கள். நான் அந்த வாதத்தை ஏற்கவில்லை.

உத்தரவு போடுவது ஒருத்தர், பழி சிப்பாய்மேலா? மறுத்தால் அவன் கதி என்ன? (ஓய்வு பெற்ற ராணுவத்தினர், காக்ஸ் டவுன்)

ஐயா, உங்கள் கோபம் புரிகிறது. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் மட்டும் 55,573 பேர் செத்தார்கள், பலர் இருபது வயதுப் பையன்கள். பறக்க முடியாது என்றவர்களின் கோப்பில் 'மன உறுதி இல்லாதவர்' என்று எழுதி அவமானப்படுத்தினார்கள். அதனால் விமானிக்கும் தளபதிக்கும் ஒரே எடை போட மாட்டேன்.

ஆனால் முழுசாக விடவும் மாட்டேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நாஜித் தலைவர்களை விசாரித்த நூரம்பர்க் நீதிமன்றத்திலிருந்து வந்தவை நூரம்பர்க் கோட்பாடுகள், அதில் நான்காவது சொல்வது இது: மேலிடத்து உத்தரவு என்பதால் பொறுப்பு போகாது, ஆனால் மறுப்பதற்கு உண்மையில் வழி இருந்திருக்க வேண்டும். வழி இருந்ததா என்பது ஆளுக்கு ஆள் மாறும். 1972 டிசம்பரில் வடவியட்நாம்மேல் பறக்க மறுத்த மைக்கேல் ஹெக் என்ற அமெரிக்க பி-52 குண்டுவீச்சு விமானி அதற்கு முன் நூறு தடவைக்கு மேல் பறந்தவர். அவரைச் சுட்டுக் கொல்லவில்லை, படையை விட்டு அனுப்பினார்கள். இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். நூரம்பர்க்கில் வான்வழிக் குண்டுவீச்சுக்காக யாரையும் தண்டிக்கவில்லை, ஏனென்றால் இரண்டு பக்கமும் அதைச் செய்திருந்தது.

அக்கா, நான் விமானத்தில் போகும் ஒரு கருவிக்கு மென்பொருள் எழுதுகிறேன். அது எங்கே போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியாது. ராத்திரி சில சமயம் தூக்கம் வருவதில்லை. எனக்கும் பங்கு உண்டா? (சி.வி. ராமன் நகர்)

இந்த ஊரில் இந்தக் கேள்வி கேட்க வேண்டியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், நீங்களாவது கேட்டீர்கள்.

1944இல் அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் வங்காளத்தில் கரக்பூரைச் சுற்றியிருந்த ஓடுதளங்களில் நின்றன. அங்கே தளபதியாக இருந்த கர்ட்டிஸ் லெமே அந்த வருடம் டிசம்பர் 18 அன்று சீனாவில் ஜப்பான் பிடித்து வைத்திருந்த ஹாங்கௌமேல் தீக்குண்டு போட்டுப் பார்த்தார். மூன்று மாதம் கழித்து, 1945 மார்ச் 9 இரவு, டோக்கியோவின் மரவீடுகள்மேல் அதையே செய்தார். ஒரே இரவில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். சரி, கரக்பூர் ஓடுதளத்துக்குக் கல் சுமந்த நம் கூலி ஆட்களுக்கு டோக்கியோவில் பங்கு உண்டா? இல்லை. எதற்கு என்று அவர்களுக்குச் சொல்லவில்லை, பஞ்ச காலத்தில் கிடைத்த கூலியை வேண்டாம் என்கிற நிலையிலும் அவர்கள் இல்லை.

மறுபக்கம் ஜோசப் ராட்பிளாட்டைப் பாருங்கள். அணுகுண்டுத் திட்டத்தில் இருந்த இயற்பியலாளர். ஜெர்மனி முந்திவிடக் கூடாது என்றுதான் சேர்ந்தார், 1944 கடைசியில் ஜெர்மனியிடம் குண்டு இல்லை என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டார். மற்றவர்களுக்கும் அந்தச் செய்தி தெரிந்தது, அவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள்.

உங்களுக்குக் கூலி ஆளைவிட அதிகம் தெரியும், ராட்பிளாட்டைவிடக் குறைவாகத் தெரியும். எவ்வளவு தெரியும், மறுக்க எவ்வளவு இடம் இருக்கிறது, இந்த இரண்டையும் வைத்துத்தான் நான் அளப்பேன். 'ஆயிரம் பேரில் நான் ஒருத்தன்' என்பதை வைத்து அளக்க மாட்டேன், பொறுப்பு சொத்து மாதிரி பாகம் பிரித்தால் குறைந்துபோகிற பொருள் இல்லை. வேலையை விடுங்கள் என்று சொல்லவில்லை, ராணுவத் தளவாடம் எல்லாமே பாவம் என்றும் நான் நினைக்கவில்லை. எங்கே போகிறது என்று கேளுங்கள். கேட்டால் தெரிந்துவிடும் என்று பயந்து கேட்காமல் இருந்தால் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

நவாலி தேவாலயத்தில் என் சித்தி இறந்தார். உலகம் அதைக் கணக்கில் எடுத்ததா? (யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், ஜீவன் பீமா நகர்)

இல்லை அம்மா. 1995 ஜூலை 9 அன்று இலங்கை விமானப்படை அங்கே குண்டு போட்டபோது உள்ளே இருந்தவர்கள் அடைக்கலம் தேடி வந்த குடும்பங்கள், நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குப் பொறுப்பானவர்கள் நீதிமன்றத்தில் பதில் சொல்லவே இல்லை. உங்கள் சித்திக்கு நடந்தது குற்றம். அதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

இதையொட்டி இன்னொருவர் '1996இல் புலிகள் கொழும்பு மத்திய வங்கியில் லாரி குண்டு வைத்து 91 பேரைக் கொன்றதைப் பேசுவீர்களா' என்று கேட்டிருக்கிறார். பேசுவேன். அதுவும் குற்றம். நவாலியைச் சொல்லி அதை நியாயப்படுத்த முடியாது, அதைக் காட்டி நவாலியை மறைக்கவும் முடியாது.

எதிரி மக்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால்? (விவேக் நகர்)

ஒளிந்தவன் குற்றவாளி, ஆனால் மக்களைக் காக்கும் கடமை சுடுகிறவனுக்கு அப்படியே நிற்கிறது. போர் விதிகளைச் சொல்லும் ஜெனீவா ஒப்பந்தங்களோடு 1977இல் சேர்த்த முதல் கூடுதல் நெறிமுறையின் 51ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. இந்தியாவும் அமெரிக்காவும் அதில் இன்னும் சேரவில்லை.

நம் நாடு இப்படிச் செய்ததே இல்லைதானே? (ராமமூர்த்தி நகர்)

செய்திருக்கிறது. 1966 மார்ச் 5 அன்று மிசோ கிளர்ச்சியை அடக்க நம் விமானப்படையே இன்றைய மிசோரமில் இருக்கும் ஐசால் ஊர்மேல் குண்டு போட்டது. நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் நான் அதைப் பார்த்ததில்லை.

நான் குண்டும் போடவில்லை, செய்யவும் இல்லை. எனக்கு என்ன சம்பந்தம்? (எச்.எஸ்.ஆர். லேஅவுட்)

எல்லையில் பதற்றம் வரும்போதெல்லாம் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் 'அந்த ஊரையே தரைமட்டமாக்கணும்' என்று யாராவது போடுவார்கள், கீழே வரிசையாகக் கைதட்டல். முதல் இரண்டு தடவை நான் பேசாமல் இருந்தேன், அதற்காக இன்னும் வருத்தப்படுகிறேன். மூன்றாவது தடவை, அந்த ஊர் ஜனத்தொகை எவ்வளவு, அதில் எத்தனை பேர் பத்து வயதுக்குக் கீழே என்று தெரியுமா என்று எழுதினேன். நான்கு பேர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். மேல்மாடியில் இருக்கும் ஒரு பெரியவர் மட்டும் தன் செய்தியை அழித்தார்.